கடல்நீரில் முட்டை மிதக்குமா? படுவான்கரையில் ஒரு தரம் 9 விஞ்ஞான வகுப்பு: நிகழ்வு ஆய்வு

பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வமில்லை என்ற பேச்சு எழாத ஆசிரியர் கூட்டம் எங்கள் பக்கம் அரிது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, செய்முறை காட்டுங்கள், வீடியோ போடுங்கள், விஞ்ஞான தினம் வையுங்கள் என்பது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் பல வகுப்புகளில் பார்த்தது, வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்த்து எரிமலை பொங்கவைத்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், அடுத்த நாள் அதைப்பற்றி ஒரு கேள்வியும் வராது. பார்க்கிற பிள்ளைக்கு அங்கே எந்தப் பங்கும் இல்லை. செய்முறை தொடங்குவதற்கு முன்பே, என்ன நடக்கும் என்று பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும், ஏன் என்று ஒரு காரணமும் சொல்ல வேண்டும், பிறகு அந்தச் சொல்லோடு நின்று முடிவைப் பார்க்க வேண்டும். ஆர்வம் அங்கேதான் பிறக்கிறது என்று நான் நம்புகிறேன். அப்படி நடத்திய ஒரு பாட அலகைப்பற்றித்தான் இந்த எழுத்து, வெற்றி தோல்வி இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

வகுப்பும் பிள்ளைகளும்

பாடசாலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. வேளாண்மை செய்யும் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம், அப்புறம் வாவியில் வலை போடுகிறவர்களின் பிள்ளைகள், மேசன் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், தாய் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகள். வெட்டுக் காலம் வந்தால் ஆண் பிள்ளைகளில் சிலரை வகுப்பில் காண முடியாது. ஆய்வுகூடம் என்று ஓர் அறை உண்டு. முகவையும் கொதிகுழாயும் அளவுச்சாடியும் இருக்கின்றன, தராசு நம்பும்படி இல்லை, ஆய்வுகூட உதவியாளர் கிடையாது. இது எங்கள் மாவட்டத்தில் அபூர்வமான நிலைமை ஒன்றும் இல்லை என்பதால் அதைச் சொல்லி அழுவதில் பயனில்லை.

அலகு, தரம் 9 பாடநூலில் வரும் அடர்த்தி. தொடங்கிய அன்று அடர்த்தி என்றால் என்ன என்று கேட்டேன். "ஓரலகு கனவளவின் திணிவு" என்று முழு வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. பலர் ரியூசனில் முன்பே படித்துவிட்டு வந்திருந்தார்கள். சரி, ஒரு சவர்க்காரக் கட்டியைச் சரிபாதியாக வெட்டினால் அந்தப் பாதியின் அடர்த்தி என்ன ஆகும் என்று கேட்டேன். பாதியாகும் என்றார்கள், அதுவும் ஒரே குரலில்.

அந்த இரண்டாவது விடைதான் இந்த ஆய்வின் தொடக்கம். வரைவிலக்கணம் கொப்பியில் இருக்கிறது, சூத்திரம் வாயில் இருக்கிறது, ஆனால் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் அந்த இரண்டும் உதவிக்கு வருவதில்லை. இப்படியான பிள்ளையை ஆர்வமில்லாத பிள்ளை என்று எழுதிவிடுவது சுலபம். அந்தப் பிள்ளைக்கு இதுவரை யாரும் எதையும் யோசிக்கக் கொடுக்கவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கம்.

முட்டைப் பாடம்

ஒவ்வொரு குழுவின் மேசையிலும் மூன்று வாளி வைத்தேன். ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் வாவி நீர், மூன்றாவதில் கல்லடிக் கடலில் எடுத்த நீர். குழுவுக்கு ஒரு முட்டை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கேள்வி ஒன்றுதான்: முட்டை எதில் மிதக்கும், எதில் தாழும்?

போட்டுப் பார்க்க விடவில்லை. முதலில் எல்லோரும் ஒரு துண்டுக் கடதாசியில் தங்கள் ஊகத்தையும் ஒரு வரியில் காரணத்தையும் எழுத வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது. எழுதி முடித்த பிறகுதான் வகுப்பின் மூன்று மூலைகளுக்குப் பிரிந்து போக வேண்டும். மூன்றிலும் தாழும் என்பவர்கள் ஒரு மூலை, கடலில் மட்டும் மிதக்கும் என்பவர்கள் ஒரு மூலை, வாவியிலும் கடலிலும் மிதக்கும் என்பவர்கள் இன்னொரு மூலை. எழுதுவது முதலில், எழும்பிப் போவது பிறகு என்ற ஒழுங்கு மிக முக்கியம். நேரே மூலைக்குப் போகச் சொன்னால் வகுப்பில் முதலாம் பிள்ளை எங்கே போகிறதோ அங்கேதான் பாதி வகுப்பும் போகும்.

அவுஸ்திரேலியர்களான ரிச்சர்ட் வைட்டும் ரிச்சர்ட் கன்ஸ்டனும் 1992 இல் விரிவாக எழுதிய ஊகி, அவதானி, விளக்கு என்ற முறைதான் இது. புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 2007 பாடத்திட்ட மாற்றத்தோடு எங்கள் ஆசிரியர் வழிகாட்டிகளுக்குள் வந்த, ஆங்கிலத்தில் E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளைக் கொண்ட ஐந்து ஈ முறையும் ஈடுபடுத்தலில்தான் தொடங்குகிறது. நடைமுறையில் அந்த ஈடுபடுத்தல், பாடத்தலைப்பைச் சொல்ல வைக்கும் இரண்டு மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை எதையும் பணயம் வைப்பதில்லை.

கடலில் மட்டும் மிதக்கும் என்ற மூலை நிரம்பி வழிந்தது. காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான்: உப்பு நீரில் முட்டை மிதக்கும், புத்தகத்தில் இருக்கிறது. மூன்றிலும் தாழும் என்ற மூலையில் மிகச் சிலரே நின்றார்கள். அதில் ஒரு மகள், வழக்கமாக வகுப்பில் குரலே கேட்காதவள், காரணம் கேட்டபோது சொன்னாள்: "எங்கட அப்பா விதைநெல் போடக்குள்ள வாளிக்குள்ள உப்பு அள்ளி அள்ளிப் போடுவார் ரீச்சர். அப்பதான் முட்டை எழும்பும். கடல் தண்ணி காணாது."

விதைநெல் தெரிவு அறிந்தவர்களுக்கு அவள் சொன்னது விளங்கும். நீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போய், நல்ல முட்டை ஒன்று மேலே வந்து ஒரு காசளவு வெளியே தெரியும்போது நிறுத்தி, அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறும் மிதந்துவிடும், முற்றிய நெல் அடியில் தங்கும். பிறகு அந்த நெல்லை நல்ல நீரில் அலசி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளைப்பதைக் கெடுக்கும். அடர்த்தி அலகு முழுவதும் அந்த வாளிக்குள் இருக்கிறது, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து சூத்திரத்தை மனனம் செய்துகொண்டிருந்தார்கள்.

முட்டைகளைப் போட்டார்கள். கிணற்று நீரில் தாழ்ந்தது, வாவி நீரில் தாழ்ந்தது. கடல் நீரிலும் தாழ்ந்தது. நிரம்பிய மூலையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அப்படி ஒரு சத்தம் எந்த எரிமலைக்கும் எழுந்ததில்லை. "என்ட முட்டையும் மிதக்கல்ல", "தண்ணிய மாத்திட்டாங்க", "இது கடல் தண்ணி இல்ல". ஒரு மகன் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "கடல் தண்ணிதான்" என்று தீர்ப்புச் சொன்னான்.

விளக்கம் எளிது. கடல் நீரின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1.025 கிராம். புதிய கோழி முட்டையின் அடர்த்தி 1.08 அளவில் இருக்கும். கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, முட்டையை மேலே கொண்டுவர 100 கிராமுக்கு மேல் வேண்டும். பாடநூல் உப்பு நீரில் மிதக்கும் என்று சொல்வது சரிதான், எவ்வளவு உப்பு என்பதைப் பிள்ளைகள் ஒருபோதும் கேட்டுப் பார்த்ததில்லை.

அதோடு பாடம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு குழுவின் முட்டை கடல் நீரில் மிதந்துவிட்டது.

இனி நடந்ததுதான் எனக்கு இந்த அலகிலேயே பெறுமதியான பகுதி. மிதந்த குழு வென்றுவிட்டோம் என்று குதிக்க, மற்றவர்கள் அவர்களின் வாளிக்குள் யாரோ உப்புப் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக, நான் தீர்ப்புச் சொல்லாமல் நின்றேன். யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "முட்டைய மாத்திப் பாப்பம்" என்று ஒரு குரல் வந்தது. மிதந்த முட்டையை மற்ற வாளிக்குள் போட்டார்கள், அங்கேயும் மிதந்தது. தாழ்ந்த முட்டையை இந்த வாளிக்குள் போட்டார்கள், தாழ்ந்தது. அப்படியென்றால் நீரில் பிழையில்லை, முட்டையில்தான் ஏதோ இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மாற்றாமல் வைப்பது என்ற விஷயத்தைச் சாரா மாறி, சார்ந்த மாறி என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். அன்று அது சண்டை தீர்க்கும் வழியாகத் தானாக வந்தது.

பிறகு அந்த முட்டையின் வரலாறு வெளியே வந்தது. கோழி அடை விட்டுப்போன முட்டை, எத்தனை நாள் பழையது என்று யாருக்கும் தெரியாது. உடனே ஒரு பிள்ளை, "எங்கட அம்மம்மா கூழ்முட்டையத் தண்ணிக்குள்ள போட்டுத்தான் பாக்கிறவ" என்றது. ஏன் பழைய முட்டை மிதக்கிறது? ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றினூடாக நாளாக நாளாக நீராவி வெளியேறுகிறது, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெருக்கிறது. ஓடு சுருங்குவதில்லை, ஆகவே கனவளவு அப்படியே இருக்க திணிவு மட்டும் குறைகிறது. கதவை யன்னலை மூடிவிட்டு என் கைத்தொலைபேசியின் டோர்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்தோம், இரண்டு முட்டைகளின் காற்றறைக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. சவர்க்காரக் கட்டியைப் பாதியாக வெட்டும் கேள்வியை மறுபடி கேட்டேன். இந்த முறை ஒரே குரலில் விடை வரவில்லை. ஒருவர் மாறாது என்றார், ஒருவர் ஏன் என்று கேட்டார், முதலாமவர் திணிவும் பாதி கனவளவும் பாதி என்று கைவிரித்துக் காட்டினார்.

அடுத்த பாடவேளையில் முட்டையின் அடர்த்தியை அளந்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து மின் தராசை இரவல் வாங்கினோம். நிரம்பிய குவளைக்குள் முட்டையை இறக்கி, வழிந்த நீரை அளவுச்சாடியில் அளந்து கனவளவு எடுத்தார்கள். தாழ்ந்த முட்டைக்கு ஒரு குழுவின் கணக்கில் அடர்த்தி ஒன்றிலும் குறைய வந்தது. அதை அழித்துத் திருத்த விடவில்லை. ஐம்பது சொச்சம் கன சென்ரிமீற்றர் முட்டையில் இரண்டு மூன்று கன சென்ரிமீற்றர் பிழைத்தாலே நாம் தேடுகிற வித்தியாசம் காணாமல் போய்விடும் என்று அவர்களே கணக்குப் போட்டுக் கண்டார்கள். குவளையின் விளிம்பில் நீர் குவிந்து நிற்பதும், சாடியில் கண்மட்டத்துக்கு நேராகப் பார்க்காமல் வாசிப்பதும் காரணம். அளவீட்டு வழு என்பதை இதைவிட நன்றாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

பொறுத்திருத்தல்

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு செக்கன்தான் என்று கண்டார். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீளமாகின்றன, தாமாகப் பேசும் பிள்ளைகள் கூடுகிறார்கள், தெரியாது என்ற விடை குறைகிறது என்பதும் அவரது கண்டுபிடிப்பு. மூன்று செக்கன் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். வகுப்பில் நின்று பாருங்கள். நாற்பது கண்கள் நம்மைப் பார்க்க, மௌனம் கனக்க, வாய் தானாகவே விடையைச் சொல்லப் போகும். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக்கொண்டு நின்றேன். முட்டையை மாற்றிப் பார்ப்போம் என்ற குரல் அப்படி ஒரு மௌனத்துக்குப் பிறகுதான் வந்தது. பணச்செலவில்லாத, அனுமதி வேண்டாத, எந்தப் பாடசாலையிலும் நாளைக்கே செய்யக்கூடிய மாற்றம் இது ஒன்றுதான்.

வாவியை அளந்தது

முட்டையோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பிள்ளைகள் நிறுத்தவில்லை. வாவி நீரும் உப்புத்தானே, அது கடலுக்கு எவ்வளவு கிட்ட என்ற கேள்வி வந்தது. பாடநூலில் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் நீரமானி இருக்கிறது. முதலில் ஸ்ட்ரோவின் அடியைக் களியால் அடைத்து, உள்ளே சிறு ஆணிகள் போட்டு நிமிர்ந்து மிதக்க வைத்தார்கள். நல்ல நீருக்கும் கடல் நீருக்கும் இடையில் ஒரு நெல்மணியின் அகலம் அளவுதான் வித்தியாசம், வாவி நீரை வேறுபடுத்தவே முடியவில்லை. கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 15 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருக்கும் ஸ்ட்ரோ, அடர்த்தி இரண்டரை வீதம் கூடினால் நான்கு மில்லிமீற்றர் அளவுக்குக்கூட எழும்பாது.

அப்போது பாடநூல் படத்தில் நீரமானிக்கு ஏன் அடியில் குமிழும் மேலே மெல்லிய தண்டும் இருக்கின்றன என்று கேட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஒரு குழு சின்ன மருந்துப் போத்தலோடு வந்தது. 30 மில்லிலீற்றர் பாணி மருந்துப் போத்தல், மூடியில் துளையிட்டு ஸ்ட்ரோவைச் செருகி மெழுகால் அடைத்து, உள்ளே மணல். நல்ல நீரில் தண்டின் நடுவரை தாழ்ந்து நின்றது, கடல் நீரில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் எழும்பிவிட்டது. பெரிய குமிழ் இடம்பெயர்க்கும் நீரில் ஏற்படும் சிறு வித்தியாசத்தை மெல்லிய தண்டு நீட்டிக் காட்டுகிறது. இதை அந்தக் குழுவின் பிள்ளைகள் முன்னுக்கு வந்து விளங்கப்படுத்தினார்கள், நான் பின்வாங்கில் இருந்து கேட்டேன்.

மாரிக்கு முன் புரட்டாதியிலும், மழை கொட்டித் தீர்த்த பிறகு மார்கழியிலும், வலையிறவுப் பாலத்தடியில் நீர் எடுத்தோம். தகப்பன்மார் எடுத்துக் கொடுத்தார்கள், பிள்ளைகளை நீர்க்கரைக்கு அனுப்பவில்லை. மாதிரிகளை இரவு முழுக்க ஒரே அறையில் வைத்துவிட்டுத்தான் அளந்தோம், வெப்பநிலை மாறினால் அடர்த்தியும் மாறும். மார்கழி நீரில் மானி கிணற்று நீரில் தாழ்வது போலத் தாழ்ந்தது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவி, மாரியில் ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வெள்ளத்தால் நன்னீராகிவிடுகிறது, கோடையில் முகத்துவாரத்தால் வரும் கடல் நீர் கலந்து உவர்க்கிறது. வலை போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை, தண்ணீர் மாறினால் படுகிற மீனும் மாறும் என்று அவர்கள் சிறுவயதிலிருந்து கேட்டு வந்தவர்கள். வீட்டில் கேட்ட பேச்சுக்கு வகுப்பில் ஓர் எண் கிடைத்தது என்பதில் அவர்களுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

பாடும் மீன்

மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு பாடும் மீனை விட்டுவிட முடியாது. வாவி நீருக்கடியிலிருந்து கேட்கும் இசை போன்ற சத்தத்தைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். ஒலி அலகுக்காக வைத்திருந்ததை இங்கேயே கொண்டுவந்தேன். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848 இல் இந்த வாவியில் படகில் போய்க் கேட்டதை எழுதியிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வு போன்றது என்றும், படகின் மரத்தில் காதை வைத்தால் சத்தம் மிகப் பெருகியது என்றும் சொல்கிறார். ஊர்க்காரர் காட்டியது ஊரியை, அவரும் சிப்பி நத்தை வகையைத்தான் சந்தேகித்தார். மீனா, ஊரியா, வேறெதுவுமா என்று இன்றைக்கும் திட்டவட்டமான முடிவு இல்லை.

மரத்தில் காதை வைத்தால் ஏன் சத்தம் பெருகுகிறது? இதற்கும் ஊகம் எழுதவைத்தேன். வாளி நிறைய நீர், நீருக்கடியில் இரண்டு கற்களைத் தட்டுவது, ஒரு முறை வெறும் காதால் கேட்பது, ஒரு முறை மரத்தடியின் ஒரு முனையை நீருக்குள் வைத்து மறு முனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்பது. காதுத் துளைக்குள் செருகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீரிலிருந்து காற்றுக்குள் ஒலி கடக்கும்போது அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவுதான் மேலே வரும், மற்றது மேற்பரப்பில் தெறித்துத் திரும்பிவிடும். மரத்துக்கு அந்தத் தடை அவ்வளவு இல்லை. தோணிக்காரர்கள் துடுப்பை நீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பதன் காரணம் இதுதான். யாருக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்று தங்கள் வாவிக்குள்ளேயே கிடக்கிறது என்பது பிள்ளைகளைப் பிடித்து உலுக்கியது. "அப்ப நாங்க கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்டார்கள். ஓம், கண்டுபிடிக்கலாம். அதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

எது சரிவரவில்லை

முதலாவது நேரம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம், முட்டைப் பாடம் மட்டும் அதில் அடங்கவில்லை, தவணைப் பரீட்சைக்குள் அலகுகளை முடிக்கச் சொல்லி அழுத்தம். குறிப்புச் சொல்லி எழுதவைப்பதை நிறுத்தி, பாடநூலின் பக்க எண்ணைக் கொடுத்துவிட்டதால் கொஞ்ச நேரம் மிஞ்சியது. அதற்கும் எதிர்ப்பு வந்தது. "ரீச்சர் படிப்பிக்கிறா இல்ல, முட்டை வச்சு விளையாட்டுக் காட்டுறா" என்று ஒரு வீட்டில் பேச்சு. பிள்ளைகளிலேயே சிலர், "ரீச்சர், நோட்ஸ் தாங்க" என்று கேட்டார்கள். இதில் ஆச்சரியமில்லை. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் மாணவரோடு லூயி டெலோரியே குழுவினர் நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வில், தாமே முயன்று படித்த வகுப்பினர் பரீட்சையில் கூடுதலாகப் பெற்றார்கள், ஆனால் விரிவுரை கேட்டவர்களை விடத் தாங்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை விளங்கிவிட்ட உணர்வைத் தருகிறது, முட்டி மோதிப் படிப்பது குழப்பமாக இருக்கிறது. அந்த வீட்டாரைக் கூப்பிட்டுப் பிள்ளையையே விளங்கப்படுத்தச் சொன்னேன். போத்தல் மானியை வைத்து அந்தப் பிள்ளை பேசியதற்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

இரண்டாவது கணக்கு. தவணைப் பரீட்சையில் காரணம் கேட்கும் கேள்விகளுக்கு விடை எழுதிய விதம் நன்றாக மாறியிருந்தது, வெற்றுத் தாள் விட்டவர்கள் குறைவு. ஆனால் கிராம் கன சென்ரிமீற்றரைக் கிலோகிராம் கனமீற்றருக்கு மாற்றச் சொன்ன இடத்தில் பழைய பிழைகளே. எவ்வளவுதான் முட்டையை மிதக்கவிட்டாலும் அலகு மாற்றம் பழகாமல் வராது. அதற்கு உட்கார்ந்து கணக்குச் செய்விக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. தேடிக் கற்கும் முறை எல்லாவற்றையும் தரும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை.

மூன்றாவதை எழுத மனம் கனக்கிறது. பின்வாங்கில் ஒரு மகன். வாளி தூக்குவது, போத்தலில் துளையிடுவது, மெழுகு அடைப்பது எல்லாவற்றிலும் அவன் கை முன்னுக்கு நிற்கும், ஊகம் எழுதும் கடதாசி மட்டும் ஒவ்வொரு முறையும் வெறுமையாக வரும். சோம்பல் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, அவனால் ஒரு வசனத்தை எழுத்துக் கூட்டாமல் வாசிக்க முடியவில்லை. ஒன்பதாம் தரம் வரை அப்படியே வந்திருக்கிறான். அவனுக்கு ஆர்வமூட்ட எந்த உபாயமும் தேவைப்படவில்லை, ஆர்வம் தாராளமாக இருந்தது. அவனுக்குத் தேவை, யாராவது தினமும் கொஞ்ச நேரம் இருந்து வாசிப்புப் பழக்குவது. அதன்பிறகு ஊகத் தாளில் வாளியின் படத்தை வரைந்து கொடுத்து, முட்டை நிற்கும் இடத்தை வட்டமிடச் சொன்னேன், காரணத்தை வாயால் சொல்லலாம் என்றேன். அவன் பேசத் தொடங்கினான். தமிழ் ஆசிரியை ஒருவர் இடைவேளையில் வாசிப்புக்கு அவனை எடுத்துக்கொண்டார். பின்வாங்குகளில் இப்படி எத்தனை பிள்ளைகள் ஆர்வமற்றவர் என்ற பெயரோடு இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு விஞ்ஞான ஆசிரியரும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். குழு வேலை என்றால் உபகரணம் ஆண் பிள்ளைகளின் கையிலும் கொப்பி பெண் பிள்ளைகளின் கையிலும் போய்ச் சேர்ந்துவிடும். முறைவைத்து மாற்றினால் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லி மாற்ற வேண்டும்.

மற்றப் பாடசாலைகளுக்கு

கல்குடா, பட்டிருப்புப் பக்கத்திலும், அம்பாறையில் திருக்கோவில், கோமாரிப் பக்கத்திலும் களப்புகளுக்குக் கிட்ட இருக்கும் பாடசாலைகள் இதே போத்தல் மானியைச் செய்து அளந்தால் பிள்ளைகள் தங்கள் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு மானிகள் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும். முதல் அடையாளத்தை மழைநீரில் போடுங்கள், எங்கள் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றின் நீர் சவர், உப்புக் கலந்தது என்பதால் கிணற்று நீர் சரிவராது. பிறகு 35 கிராம் உப்பை எடுத்து, கரைசல் ஒரு லீற்றர் வரும்வரை மழைநீர் விட்டு, அதில் இரண்டாம் அடையாளம். இடைப்பட்ட தூரத்தை ஏழாகப் பிரித்தால் ஒவ்வொரு கோடும் லீற்றருக்கு 5 கிராம் உப்பைக் காட்டும். நீர் எடுத்த இடம், திகதி, எடுத்த ஆழம், அன்று முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் பிள்ளைகளே எழுதட்டும். அளப்பதற்கு முன் எந்தக் கோட்டில் நிற்கும் என்ற ஊகத்தையும் அதே தாளில், பேனையால், அழிக்க முடியாதபடி.